வேகம் கூடினால் பாதுகாப்பா?

2023 ஆகஸ்டு 17ஆம் தேதி பிற்பகல். லங்காவியிலிருந்து சுபாங் நோக்கி வந்த ஒரு சிறிய ஜெட் விமானம், தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, ஷா ஆலம் எல்மினா பகுதியில் சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும், அவ்வழியே காரில் சென்ற ஒருவரும், மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவரும் உயிரிழந்தனர். கார் கேமராவில் பதிவான காணொளி அன்று மாலைக்குள் புலனத்தில் எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் படிவம் 4 மாணவன் ஒருவன் கேட்டான். "சார், ரொம்ப மெதுவா வந்ததாலதானே விழுந்துச்சு? கொஞ்சம் வேகமா வந்திருந்தா தப்பிச்சிருக்கும்தானே?"

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

மாணவர்களே, அந்த 'இருக்கலாம்' என்னை வெகுநாள் உறுத்தியது. மறு ஆண்டு வெளியான இறுதிப் புலனாய்வு அறிக்கை வேறொரு காரணத்தைச் சொன்னது. அந்த வகை விமானத்தின் இறக்கைமேல் சில தகடுகள் உண்டு. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு அவை எழும்பி, இறக்கையின் தூக்குவிசையை அழித்து, விமானத்தின் முழு எடையையும் சக்கரங்கள்மேல் அமர்த்தும். அப்போதுதான் பிரேக் நன்றாகப் பிடிக்கும். வானில் இருக்கும்போது அவற்றைத் திறக்கவே கூடாது. இறங்குவதற்கு முந்திய சரிபார்ப்பின்போது அவை தவறுதலாகத் திறக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அறிக்கையின் முடிவு. ஆக, காணொளியைப் பார்த்து நாம் சொன்ன 'மெதுவா வந்தது' என்ற தீர்ப்பு வெறும் ஊகம். அதற்குத் தலையாட்டியது ஆசிரியராகிய என் பிழை. அந்த மாணவன் எஸ்பிஎம் முடிப்பதற்குள் அவனிடம் அதை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஆனால் அவன் கேள்விக்குள் இருந்த எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. வானத்தில் வேகம் கூடுதலாக இருந்தால் அது பாதுகாப்பு, இறங்கும்போதும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது என்ற எண்ணம். நான் விமானி அல்லன். ஆனால் இது விமானிகளுக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல. உங்கள் இயற்பியல் பாடநூலில் உள்ள இரண்டே இரண்டு சூத்திரங்களை வைத்து இதை நாமே ஆராயலாம். ஜெட் விமானத்தை விட்டுவிட்டு, உலகெங்கும் பறக்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு இருக்கை, ஒரே ஒரு சுழலி, மேலே பொருத்திய இறக்கை.

முதலில் ஓர் அடிப்படை. வேகம் குறைந்ததால் இறக்கை தூக்குவிசையை இழக்கிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அதைத் தீர்மானிப்பது கோணம். எதிரே வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தைத் தாக்குகோணம் என்போம். ஓர் அட்டையை மேசை விசிறியின் முன் பிடித்து, முன் விளிம்பை மெல்ல உயர்த்திப் பாருங்கள். (ஓடும் காரின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கச் சொன்னால் உங்கள் அம்மா என்னைத் தேடி வருவார்.) கோணம் கூடக்கூட அட்டை மேலே எழ முயலும். ஓர் அளவுக்கு மேல் போனால் மேலெழுவது நின்று, அட்டை பின்னால் தள்ளப்படுவது மட்டுமே மிஞ்சும். விமான இறக்கைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 15, 16 பாகை. அதைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து குழம்பிவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும். இதையே 'ஸ்டால்' என்கிறார்கள். இயந்திரம் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் வேகம் எங்கே வருகிறது? தூக்குவிசை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். வேகம் குறையும்போது, அதே எடையைத் தாங்க விமானி கோணத்தை உயர்த்திக்கொண்டே போகவேண்டும். ஒரு கட்டத்தில் கோணம் அந்த 15, 16 பாகையைத் தொட்டுவிடும். அப்போது உள்ள வேகத்துக்குத்தான் 'ஸ்டால் வேகம்' என்று பெயர்.

செஸ்னா 172எஸ் வகைக்கு, முழு எடையான 1,157 கிலோகிராமில், இறக்கையின் பின்புறமுள்ள ஃபிளாப் தகடுகளை முழுவதும் இறக்கிய நிலையில், ஸ்டால் வேகம் 48 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இறங்க வரும் விமானம் ஸ்டால் வேகத்தைப்போல் 1.3 மடங்கில் வரவேண்டும் என்பது உலகம் முழுவதும் விமானிகள் கற்கும் விதி. 48ஐ 1.3ஆல் பெருக்கினால் 62. குறுகிய ஓடுபாதையில் இறங்குவதற்கு அந்த விமானத்தின் கையேடு சொல்வது 61 நாட். மணிக்கு 113 கிலோமீட்டர். நம் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பான 110ஐவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

கையேட்டைத் தேடிப் படிக்கும் மாணவர் ஒருவராவது இருப்பீர்கள். "சார், வேகமானியில் ஸ்டால் 40 நாட் என்றல்லவா போட்டிருக்கிறது? 1.3ஆல் பெருக்கினால் 52தானே வரும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மூக்கை மிகவும் தூக்கிய நிலையில் காற்று குழாய்க்குள் நேராக நுழைவதில்லை. வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. காட்டுவது 40, உண்மை 48. அந்த 52ஐ நம்பி இறங்க வருபவர் ஸ்டாலுக்கு மிக அருகில் வந்துவிடுவார். கருவி காட்டும் எண்ணுக்கும் இயற்கையில் நடப்பதற்கும் இடைவெளி இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வேறொரு காரணத்துக்காக இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது அந்த மாணவனின் யோசனைப்படி செய்து பார்ப்போம். பாதுகாப்புக்காக 10 நாட் கூட்டிக்கொள்வோம். 61க்குப் பதில் 71. வேகம் 16 சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் இயக்க ஆற்றல் ½mv². இருபடி சும்மா விடாது: ஆற்றல் 35 சதவீதம் கூடிவிட்டது. வினாடிக்கு மீட்டரில் மாற்றினால் 31.4, 36.5. நீங்களே கணக்குப் போடுங்கள். வித்தியாசம் ஏறத்தாழ 200,000 ஜூல்.

இந்த 200,000 ஜூலை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? விமானம் இன்னும் தரையைத் தொடவில்லை, பிரேக் பயன்படாது. காற்றின் இழுவிசை ஒன்றுதான் துணை. எஞ்சின் விசை இல்லாமல் இந்த விமானம் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 9 மீட்டர் முன்னேறும். ஆகவே இழுவிசை எடையில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,260 நியூட்டன் என்று கொள்ளலாம். வேலை = விசை × தூரம். 200,000ஐ 1,260ஆல் வகுத்தால் 150 மீட்டருக்கும் மேல். ஃபிளாப் இறங்கியிருந்தால் இழுவிசை கூடி, தூரம் குறையும். தரைக்கு மிக அருகில், இறக்கையின் நீளத்துக்கும் குறைவான உயரத்தில், இழுவிசை குறைந்துவிடும் என்பதால் தூரம் மறுபடியும் நீளும். தோராயக் கணக்குதான், ஆனாலும் அளவு புரிகிறதல்லவா? ஒன்றரைக் காற்பந்துத் திடல் தூரத்துக்கு அந்த விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். சரியான வேகத்தில் வந்திருந்தால், சக்கரம் தொட்ட இடத்திலிருந்து முழுவதும் நிற்கக் கையேடு சொல்லும் தூரமே ஏறத்தாழ 175 மீட்டர்தான்!

சுபாங் ஓடுபாதையின் நீளம் 3,780 மீட்டர். அங்கே 150 மீட்டர் வீணானால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைப்பீர்கள். சிக்கல் தூரத்தில் மட்டும் இல்லை. மிதந்துகொண்டே போகும் விமானத்தைப் பொறுமையாக வைத்திருந்து, வேகம் தானாகக் குறையக் காத்திருப்பது கடினம். புதிதாகக் கற்பவர் பொறுமை இழந்து மூக்கைக் கீழே அழுத்துவார். பின் சக்கரங்களுக்கு முன்னால் மெல்லிய மூக்குச் சக்கரம் தரையில் இடிக்கும். விமானம் துள்ளும். இறக்கையில் இன்னும் தூக்குவிசை மிச்சமிருப்பதால் மீண்டும் மேலே எழும், மீண்டும் அழுத்துவார், டால்பின் துள்ளுவதைப் போல ஒவ்வொரு துள்ளலும் பெரிதாகும். மூன்றாவது துள்ளலில் மூக்குச் சக்கரத்தின் கால் உடைவது உண்டு. எல்லாம் 'பாதுகாப்புக்காக' கூட்டிய 10 நாட்டில் தொடங்கியது.

"அப்போ குறைச்சு வந்தா நல்லதா சார்?" அதுவும் இல்லை. ஸ்டாலுக்கு நெருக்கமாகத் தாழ்வாக வரும் விமானம், ஓடுபாதைக்கு முன்பே இறங்கிவிடும்போல் தோன்றும்போது, மனிதக் கை இயல்பாகவே மூக்கை மேலே தூக்கும். மேலே போக வேண்டுமானால் மேலே பார்க்கவேண்டும் என்பது நம் உள்ளுணர்வு. ஆனால் அந்த வேகத்தில் மூக்கைத் தூக்கினால் இழுவிசை கூடி, வேகம் இன்னும் குறைந்து, விமானம் முன்னைவிட வேகமாகக் கீழே இறங்கும். எஞ்சின் விசையைக் கூட்டுவதுதான் வழி. திருப்பத்தில் நிலைமை இன்னும் மோசம். 45 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை 1.41 மடங்கு எடையைத் தாங்கவேண்டும். ஸ்டால் வேகம் 19 சதவீதம் உயர்ந்து, 48 நாட் 57 ஆகிவிடும். ஓடுபாதைக்கு நேராக வர இறுதித் திருப்பத்தை அவசரமாகத் திருப்பியவர்கள் உயிரிழந்த விபத்துகள் பல.

நம் ஊர் வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிள்ளானில் பிற்பகல் 2 மணிக்கு 32 பாகை செல்சியஸ், உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. ஈரக் காற்று கனமானது என்று என் வகுப்பில் பாதிப் பேர் அடித்துச் சொல்வார்கள். தவறு. நீராவி மூலக்கூறின் நிறை 18. நைட்ரஜனுக்கு 28, ஆக்சிஜனுக்கு 32. ஈரம் சேர்ந்தால் காற்று லேசாகும். வெப்பம் சேர்ந்தால் இன்னும் லேசாகும். வேகமானி அளப்பது காற்றின் அழுத்தத்தை. நேரடியாக வேகத்தை அல்ல. ஆகவே அது 61 காட்டும்போது, நம் பிற்பகல் வெயிலில் விமானம் உண்மையில் 3 சதவீதம் கூடுதல் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். இருபடியை மறக்கவேண்டாம்.

மழைக்கு முன் வீசும் காற்றோ சீராக இராது. எதிர்க்காற்று 10 நாட், இடையிடையே 20 வரை என்றால், கூடுதலான 10இல் பாதியை, அதாவது 5 நாட்டை, விமானிகள் இறங்கும் வேகத்தோடு கூட்டுவார்கள். கவனியுங்கள், இங்கே வேகத்தைக் கூட்டுவது சரி. எதிர்க்காற்று திடீரென்று விட்டுப்போனால் இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகமும் அதே அளவு குறைந்துவிடும் என்ற காரணம் இருக்கிறது. எவ்வளவு கூட்டவேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. பயத்தில் கூட்டும் 10 நாட்டுக்குக் கணக்கு எதுவும் இல்லை.

என் பழைய மாணவி ஒருவர் இப்போது விமானப் பயிற்சியில் இருக்கிறார். சென்ற தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸில் சந்தித்தபோது, ஆப்பத்துக்குக் காத்திருந்த நேரத்தில், முதல் முறை தனியாகப் பறந்த கதையைச் சொன்னார். "ரெண்டு தடவை இறங்காமலே மேலே போயிட்டேன் சார். மூணாவது தடவைதான் இறங்கினேன்." அவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பயிற்றுநர் அவரிடம் முதலில் பாராட்டியது அந்த இரண்டு தடவைகளைத்தானாம்.

இதற்குக் 'கோ-அரவுண்ட்' என்று பெயர். வேகம் சரியில்லை, உயரம் சரியில்லை, ஓடுபாதைக்கு நேராக இல்லை என்றால் சரிக்கட்டப் பார்க்காதே. எஞ்சினுக்கு முழு விசை கொடு, ஃபிளாப்பைப் படிப்படியாக மடக்கு, மேலே ஏறு, சுற்றி வந்து முதலிலிருந்து தொடங்கு. நல்ல தரையிறக்கம் என்பது கடைசி நொடியில் கை காட்டும் வித்தை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் தரைக்கு 500 அடி உயரத்தில் வேகமும் பாதையும் சீராக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் விட்டுவிடுவதுதான் அதில் பெரும்பகுதி.

கேட்க எளிது. செய்கிறார்களா? ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பயணிகள் விமானங்களை ஆராய்ந்தபோது, சீரற்ற நிலையில் இறங்க வந்த விமானங்களில் 3 சதவீதம் மட்டுமே கோ-அரவுண்ட் செய்தன என்று கண்டது. 97 சதவீதம் 'எப்படியாவது' இறங்கிவிட்டன. இத்தனைக்கும் அவர்கள் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்கள்.

எப்போதும் அந்த 'எப்படியாவது' கைகொடுப்பதில்லை. அதே எல்மினாவில், அது ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில், 1977 செப்டம்பர் 27 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் ஒன்று மோசமான வானிலையில் சுபாங்கில் இறங்க வந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் 750 அடிக்குக் கீழே வரக்கூடாது, மேலேறிவிட வேண்டும். அது தொடர்ந்து இறங்கி, 300 அடி உயரத்தில் குன்றில் மோதியது. 79 பேரில் 34 பேர் இறந்தனர். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அதிக உயரத்திலும் அதிக வேகத்திலும் வந்தது. துணை விமானி மூன்று முறை "கோ-அரவுண்ட்" என்று சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. தலைமை விமானி கேட்கவில்லை. 2,450 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழ 1,600 மீட்டர் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. குன்றின்மேல் அமைந்த ஓடுபாதை அது. விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டனர்.

ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். சூத்திரம் தெரியாதவர்களா? இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனித் திரும்புவது அவமானம் என்ற எண்ணத்துக்கு இயற்பியலில் சூத்திரம் இல்லை. அந்த எண்ணம் விமானி அறையில் பிறப்பதுமில்லை. அது பள்ளியிலேயே, என்னைப் போன்றவர்களின் வகுப்பறையிலேயே பிறக்கிறது என்பதுதான் என் கருத்து.

கருவியைப் பற்றிப் பின்னால் பேசுவதாகச் சொன்னேனே, இதோ. சில ஆண்டுகளுக்கு முன், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனை. பாடநூல் மதிப்பு 9.81. நாடாவில் புள்ளி குத்தும் கருவியை வைத்துச் செய்தால் உராய்வு காரணமாகக் குறைவாகத்தான் வரும். ஒரு மாணவிக்கு 8.9 வந்தது. "நாடா எங்கேயோ மாட்டுது சார், இன்னொரு தடவை செய்யட்டுமா?" என்று கேட்டாள். மணி அடிக்க ஐந்து நிமிடம். "நேரமில்லைம்மா, 9.7னு எழுதிடு" என்றேன். அவளும் எழுதினாள். முழு மதிப்பெண் போட்டேன். அந்த வகுப்பில் எல்லாருடைய விடையும் 9.7க்கும் 9.8க்கும் இடையில் இருந்தது. அத்தனை பேரும் 'எப்படியாவது' இறங்கிவிட்டார்கள், இறக்கிவிட்டவன் நான்.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், தேர்வு காத்திருக்கிறது, மறுபடி செய்ய நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அதே நாற்பது மாணவர்கள், அதே நேர அட்டவணை. ஆனால் பத்துச் சோதனைகளைப் பொய் எண்களோடு முடிப்பதைவிட, ஆறு சோதனைகளை உண்மையாகச் செய்வது மேல் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். நீங்களும் கேளுங்கள். "சார், இந்த அளவு சரியில்லை, மறுபடி செய்கிறோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆசிரியர் முகம் சுளித்தால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். திட்டு எனக்கு விழட்டும்.

இந்த ஆண்டு அந்தச் சோதனைக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினேன். அறிக்கைத் தாளின் கீழே 'மீண்டும் செய்தோம். காரணம்' என்று ஒரு கட்டமும் போட்டேன். ஒரு குழுவுக்கு முதலில் 9.1. கருவியைத் திருகிப் பார்த்து, நாடா ஓரத்தில் உரசுவதைக் கண்டுபிடித்து, நேராக்கி, மறுபடி எடுத்தார்கள். 9.5 வந்தது. 9.81 வரவில்லை. குழுத் தலைவன் தாளைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"ரெண்டு தடவை செஞ்சோம்னு எழுதியிருக்கோம் சார். மார்க் குறையுமா?"

"குறையாது" என்றேன். தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.